கறுப்படித்த பொட்டுகள்

ரென், 4 ஏப்ரல் 1982

அன்புள்ள தம்பி ஒனெசிமுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். கோயில் மணி கேட்கும்போதெல்லாம் உனக்காக ஒரு ஜெபம் சொல்லிக்கொள்கிறேன். அது வந்து சேர்கிறதா என்று நீதான் எழுத வேண்டும். தனியாள் சமையல் எப்படிப் போகிறது? இன்னும் சோற்றைக் குழையவிட்டுத்தான் இறக்குகிறாயா?

இதை உட்கார்ந்துகொண்டு படி. ஆகஸ்டில் நாங்கள் தீவுக்கு வருகிறோம்! லோயிக்குக்கு ஐந்து வாரம் லீவு கிடைத்துவிட்டது. கார் ஒன்று வாடகைக்கு எடுத்துத் தீவை ஒரு சுற்றுச் சுற்றப் போகிறோம். கிழக்குக் கரையில் எரிமலைக் குழம்பு கடலில் இறங்கிய இடம், தெற்கே சேன்-ழோசெஃப், பிறகு சிலாவோஸ் மலைப்பாதைகள், கடைசியில் உன் வீடு. உன் வீட்டிலிருந்து நம் எரிமலைக்கு நடை. மூன்று பேருக்கும் பூட்ஸ் வாங்கியாகிவிட்டது. பதினான்கு வருஷமாக நான் மண்ணை மிதிக்கவில்லை, தார் ரோட்டைத்தான் மிதிக்கிறேன்.

மைவென் வகுப்பில் எழுந்து நின்று என்ன சொன்னாள் தெரியுமா? "எங்க மாமாதான் எரிமலை மேல வழி காட்ட வெள்ளைப் பொட்டு வைக்கிறாரு. ஒரு பொட்டுல நின்னு அடுத்த பொட்டு தெரிஞ்சாத்தான் காலைத் தூக்கணும். அப்படிப் போனா மூடுபனியிலகூட ஆளு வீடு திரும்பிடும்!" நான் தாலாட்டுக்குப் பதிலாகச் சொன்ன பாடம். பதிமூன்று வயசாகியும் மறக்கவில்லை.

எந்த வாரம் உனக்கு வசதி என்று எழுது. மாதா உன்னைக் கைவிடாதிருக்கட்டும்.

உன் அக்கா,
யோலேன்


போர்க்-முரா, 27 ஏப்ரல்

அன்பு அக்காவுக்கு ஒனெசிம் எழுதுவது.

உன் ஜெபம் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. பிப்ரவரியில் வாசல்படி வழுக்கி இடது முழங்கால் பிசகிவிட்டது. தடி பிடித்துத்தான் நடை. மற்றபடி ஒரு குறையும் இல்லை. அத்தானும் மருமகளும் நலம் என்று கேட்க மனசு நிறைந்தது.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன், கடைக்காரனுக்கும் படித்துக் காட்டினேன். முன்னறைக்குச் சுண்ணாம்படிக்கப் போகிறேன். அடுப்புக்கு மேலே பன்றிக்கறி புகையில் தொங்குகிறது, ஆகஸ்டுக்குப் பதமாகிவிடும். தோட்டத்தில் சௌசௌ கொழுந்து காடாகக் கிடக்கிறது. அத்தான் பச்சை மிளகாய் தாங்குவாரா? கடல் கடந்து வரும் வெள்ளைக்கார ஸோரேக்களுக்குப் பார்த்ததுமே வியர்க்கும் என்பார்கள்.

ஒன்றே ஒன்று. எரிமலை வேண்டாம். ஆகஸ்டில் மேலே புல்லெல்லாம் உறைந்து கிடக்கும், பத்து மணிக்கு மூடுபனி இறங்கிவிடும். பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாது. மஃபாத்துக்குப் போங்கள், சிலாவோஸில் நடங்கள், மேற்கே கடலில் குளியுங்கள். எரிமலையைக் கணவாயிலிருந்து பார்த்தாலே போதும்.

அம்மாவின் கல்லறையில் போன ஞாயிறு பூ வைத்தேன், உன் பெயருக்கும் சேர்த்து.

தம்பி,
ஒனெசிம்


ரென், 15 மே

அன்புள்ள ஒனெசிமுக்கு,

முழங்காலுக்கு என்ன போடுகிறாய்? கற்பூரத்தை ரம்மில் ஊறவைத்துத் தேய். ரம்மைக் குடித்துவிட்டுக் கற்பூரத்தை மட்டும் தேய்க்காதே. இங்கே எல்லோரும் சௌக்கியம்.

எரிமலை வேண்டாம் என்று எழுதியதைப் படித்துச் சிரித்துவிட்டேன். எட்டு வயசில் அழ அழ என்னைக் கூட்டிக்கொண்டு போனவன் நீதானே? உனக்கு அப்போது ஏழு. யாரும் உறைந்துபோகவில்லை. லோயிக் சொல்கிறார்: "உன் தம்பி என்னைச் சர்க்கரைப் பொம்மைன்னு நெனைச்சுட்டாரா? மழையில கரைஞ்சா போயிடுவேன்?" ஆல்ப்ஸில் நடந்த கால் அது, தம்பி.

உன் கடிதத்தை இரண்டாம் தடவை படித்தபோது சிரிப்பு வரவில்லை. சௌசௌவுக்கு நாலு வரி எழுதுகிற நீ, எரிமலைக்கு வேண்டாம் என்பதற்குச் சரியாக ஒரு காரணம்கூடச் சொல்லவில்லை. நான் ஒரு ஸோரேயைக் கட்டிக்கொண்டபோது நீ வாழ்த்துக்கூட அனுப்பவில்லை. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறதா? இருந்தால் சொல்லிவிடு. பிள்ளை மேல் காட்டாதே.

மைவென் அடியில் ஒரு வரி எழுத வேண்டுமாம்: "மாமா, நீங்க வைச்ச பொட்டு மேல என் கையை வைச்சுப் பாக்கணும். ப்ளீஸ்."

காரணத்தை எழுது. காத்திருக்கிறேன்.

அக்கா,
யோலேன்


போர்க்-முரா, 2 ஜூன்
(அனுப்பாமல் வைத்தது)

அக்கா,

சுகமா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. காரணம் கேட்டாயே, கேள்.

பொட்டு வைக்க எப்போதும் இரண்டு பேர் போவோம். ஒருவன் முன்னால் போய் இரும்புக் கம்பியால் தரையைத் தட்டிப் பார்ப்பான். கெட்டியாக ஒலித்தால் வெள்ளை பூசுவான். பானை தட்டுவதுபோல் ஒலித்தால் கீழே குகை, மேலே ஓடு மட்டும்தான். அங்கே பொட்டு வைக்கக் கூடாது. மற்றவன் பின்னால் கடைசிப் பொட்டில் நின்று வழி கோணுகிறதா என்று பார்த்துக் குரல் கொடுப்பான்.

1979 நவம்பரில் என் கூட்டாளி ஒரு ஞானஸ்நான விருந்துக்குப் போய்விட்டான். நான் தனியாகப் போனேன். பாதி வழியில் மூடுபனி இறங்கியது. திரும்பியிருக்க வேண்டும். குளிர் எலும்பைக் கடித்தது, வேலையை முடித்துவிட்டு அடுப்படிக்குப் போக வேண்டும் என்ற ஒரே நினைப்பு. கம்பியை இடுப்பில் செருகிக்கொண்டு, தட்டாமல் இருபத்திரண்டு பொட்டு வைத்தேன். பழைய வழியிலிருந்து அறுபது அடி விலகிப் போயிருக்கிறேன், ஓட்டின் மேல்.

1980 மே மாதம் சேன்-ழோசெஃப்பிலிருந்து தெஷேர் என்கிற வாத்தியார் ஒருவர் நடக்க வந்தார். திரும்பவில்லை. தேடப் போனவர்களில் நான் முதல் ஆள். என் பொட்டு ஒன்றுக்குப் பக்கத்தில் தரை உடைந்திருந்தது. அடியில் அவர் கிடந்தார்.

மற்றவர்கள் வருவதற்கு முன்னால், அக்கா, ஈரக் கரிமண்ணை அள்ளி என் பொட்டுகளின் மேல் தேய்த்தேன். போலீஸ்காரர் வந்து, "பொட்டு எங்கப்பா இருக்கு?" என்றார். அறுபது அடிக்கு அப்பால் பழைய பொட்டைக் காட்டினேன். "பாவம், வழியை விட்டு வெலகிட்டாரு" என்று எழுதிக்கொண்டார். பேப்பரிலும் அப்படியே வந்தது.

மறுவாரம் பழைய பொட்டுகளுக்குப் புதிதாக வெள்ளையடித்தேன். என் பொட்டுகளுக்கு அடுப்புக்கரியும் எஞ்சின் எண்ணெயும் குழைத்துக் கறுப்படித்தேன். அந்தக் கல் முழுக்க ஓட்டை, வெள்ளை உள்ளே இறங்கியிருக்கிறது. இரண்டு மாத மழையில் கறுப்பு கரைந்து வெள்ளை எட்டிப் பார்க்கும். திரும்பப் போய் அடிப்பேன். இரண்டு வருஷமாக இதுதான் என் பிழைப்பு. பிப்ரவரியிலிருந்து முழங்காலால் போக முடியவில்லை. நாலு மாத மழை பெய்திருக்கிறது. இப்போது அங்கே இரண்டு வழி தெரியும்.

பயமாக இருக்கிறது அக்கா. படுத்தால் மைவென் ஒரு பொட்டில் நின்று அடுத்த பொட்டைத் தேடுவது தெரிகிறது.


போர்க்-முரா, 3 ஜூன்

அன்பு அக்காவுக்கு,

நலம். கற்பூரம் தேய்க்கிறேன். அத்தான் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, மாதா சாட்சியாகச் சொல்கிறேன். அந்தப் பாதை மழையில் கெட்டுக் கிடக்கிறது, அவ்வளவுதான். வேறு காரணம் எதுவும் இல்லை. சொன்னால் கேள். மருமகளுக்கு என் முத்தம்.

ஒனெசிம்


ரென், 20 ஜூன்

ஒனெசிமுக்கு,

உன் உடம்பு தேவலை என்று அறிந்தேன். சந்தோஷம்.

சேன்-தெனியில் இருக்கிற சுற்றுலா அலுவலகத்துக்கு லோயிக் எழுதிக் கேட்டார். பாதை நன்றாக இருக்கிறதாம், பொட்டுகள் தெளிவாக இருக்கின்றனவாம், வரைபடம்கூட அனுப்பியிருக்கிறார்கள். பொய் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருக்கலாம். நாங்கள் வருவது பிடிக்கவில்லை என்று ஒரே வரியில் எழுதியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

உன் முன்னறைக்குச் சுண்ணாம்பு வேண்டாம். சேன்-பியேரில் லோயிக்கின் சிநேகிதர் வீட்டில் தங்குகிறோம். ஜூலை 24 விமானம். ஆகஸ்ட் 12, வியாழக்கிழமை எரிமலை ஏறுகிறோம். எங்களைப் பார்க்க மனசிருந்தால் காலையில் பெல்கோம்ப் கணவாய்க்கு வா. இல்லாவிட்டால் உன் இஷ்டம்.

மாதா உன்னைக் காக்கட்டும். கோபத்திலும் அதை எழுதாமல் முடிக்க எனக்கு வராது.

யோலேன்


போர்க்-முரா, 20 ஜூலை

அக்கா,

ஒரு மாதமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். இது உன் கைக்கு விமானத்துக்கு முன்னால் கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு தபாலில் போடுகிறேன். 12ஆம் தேதி விடிவதற்கு முன்னால் கணவாயில், எரிமலைப் பள்ளத்துக்குப் படிகள் இறங்கும் இடத்தில் நிற்பேன். நான் இல்லாமல் ஒரு படிகூட இறங்காதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். நேரில் எல்லாம் சொல்கிறேன்.

ஒனெசிம்


சேன்-பியேர், 14 ஆகஸ்ட்

ஒனெசிமுக்கு,

நாளைக்கு விமானம். நாங்கள் சுகமாகவே திரும்புகிறோம். உன் முகத்தைப் பார்க்காமல் திரும்புகிறேன் என்பதுதான் குறை.

திங்கட்கிழமை ரேடியோவில் வியாழக்கிழமை மழை என்றார்கள். அதனால் செவ்வாய்க்கிழமையே ஏறிவிட்டோம்; என் கடிதத்துக்குப் பதிலே எழுதாத நீ கணவாய்க்கு வரப்போவதில்லை என்று உனக்குச் சொல்லியனுப்பவில்லை. பிறகு வியாழக்கிழமை மனசு கேட்காமல் உன் வீட்டுக்கு வந்தேன். கதவு பூட்டியிருந்தது. மழையில் அரை மணி நேரம் உன் வாசலில் நின்றேன். பக்கத்து வீட்டு அம்மாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "விடியறதுக்கு முன்னாடியே தடியைத் தட்டிக்கிட்டுக் கெளம்பிட்டாரு, எங்கேன்னு சொல்லலை" என்றாள். நான் வந்துவிடுவேனோ என்று பயந்து ஓடினாயா, தம்பி? நான் என்ன பேயா?

சரி. திட்டுவதை விட்டுவிட்டு நல்லதை எழுதுகிறேன். பிள்ளைக்கு இந்த மூன்று வாரம் சொர்க்கம். ரோடு வளைகிற இடத்திலெல்லாம் எக்ஸ்பெதித் புனிதரின் சிவப்புக் கோயிலைப் பார்த்தால் காரை நிறுத்தச் சொல்வாள். சிலாவோஸ் ரோட்டில் நானூறு வளைவாம், எண்ணிக்கொண்டே வந்து முந்நூற்றுப் பத்தில் வாந்தியெடுத்தாள். எரிமலையில் உன் பொட்டு மேல் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள் பார், நான் அழுதுவிட்டேன்.

திரும்பும்போது மூடுபனி பிடித்துக்கொண்டது. பயந்துதான் போனேன். ஓரிடத்தில் பொட்டு வரிசை இரண்டாகப் பிரிந்தது. ஒரு வரிசையில் எவனோ படுபாவி கறுப்படித்து வைத்திருக்கிறான்! உன் உழைப்பில் கரி பூசியிருக்கிறான். லோயிக்கின் திசைகாட்டிப்படி அந்த வரிசை நேராகக் கணவாயைப் பார்த்துப் போனது, அதனால் அதுதான் சரியான வழி என்று அதிலேயே நடந்தோம். லோயிக் கத்தியால் ஒவ்வொரு பொட்டிலும் கறுப்பைச் சுரண்டினார். மைவென் ஒவ்வொன்றின் மேலும் கல் அடுக்கினாள். "பின்னாடி வர்றவங்க பாவம்மா, அவங்களுக்குத் தெரியட்டும்" என்றாள். இருபத்திரண்டு கோபுரம் கட்டியிருக்கிறாள். அங்கே தரை பானை மாதிரி ஒலிக்கிறது, தெரியுமா? அவளுக்கு ஒரே குஷி. குதித்துக் குதித்துக் கேட்டாள், லோயிக்கும் சேர்ந்து குதித்தார்.

கறுப்படித்தவனைப் பற்றி, பொட்டு வேலை கொடுக்கிற உன் அலுவலகத்தில் சொல்லு. ஆள் சாகிற வேலை அது.

முழங்காலைப் பார்த்துக்கொள்.

யோலேன்


போர்க்-முரா, 25 ஆகஸ்ட்

அன்பு அக்காவுக்கு,

நீங்கள் மூவரும் உயிரோடு வீடு சேர்ந்தீர்கள் என்ற ஒரு வரி எனக்கு உடனே வேண்டும்.

வியாழக்கிழமை நான் ஓடவில்லை. கணவாயில், படிக்கட்டின் முதல் படியில், காலை நாலரை மணியிலிருந்து சாயங்காலம் வரை மழையில் நின்றேன். ஏறி வந்த ஒவ்வொரு காரிலும் உன் முகத்தைத் தேடினேன். அந்த நேரத்தில் நீ என் வாசலில் நின்றிருக்கிறாய்.

உன் கடிதம் 17ஆம் தேதி வந்தது. மறுநாள் காலுக்குக் கட்டுப்போட்டுக்கொண்டு இறங்கினேன். போக நாலு மணி நேரம் ஆனது. மருமகளின் கோபுரங்கள் வெயிலில் தூரத்திலிருந்தே தெரிந்தன. நேராக, அழகாக அடுக்கியிருக்கிறாள். ஒவ்வொன்றாகத் தட்டிக் கலைத்துக்கொண்டே போனேன். பதினான்காவதுக்கும் பதினாறாவதுக்கும் நடுவே தரை இல்லை. பதினைந்தாவது கோபுரம் உள்ளே போய்விட்டது.

குப்புறப் படுத்துக்கொண்டு பள்ளத்துக்குள் கத்தினேன். தொண்டை கட்டும் வரை கத்தினேன். பதில் இல்லை. யாரும் இல்லாததால் பதில் இல்லையா, யாரோ இருந்தும் பதில் இல்லையா என்று தெரியவில்லை. அன்று சாயங்காலமே அலுவலகத்துக்குப் போய், தரை உடைந்திருக்கிறது என்று சொன்னேன். மறுநாள் கயிறு கட்டி ஆள் இறக்கினார்கள். யாரும் இல்லை. அந்தச் செய்தி வரும் வரை நான் பட்டதை எழுத எனக்குத் தெரியாது. பாதையை மூடிவிட்டார்கள்.

கறுப்படித்த படுபாவி நான்தான். ஜூனில் எழுதி அனுப்பாமல் வைத்த கடிதத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துவிட்டுக் கிழித்துவிடு. நிலச்சரிவு என்றுதான் அலுவலகத்தில் நினைக்கிறார்கள். இனி அங்கே யாரும் போக மாட்டார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகாது.

மருமகளிடம் சொல்லாதே.

ஒனெசிம்


ரென், 8 செப்டம்பர்

தம்பி ஒனெசிம்,

உயிரோடு வீடு சேர்ந்தோம். மூவரும் சுகம்.

வீட்டுக்கு வந்ததும் கதவடியில் உன் ஜூலைக் கடிதம் கிடந்தது. அதன் பொருள் இப்போதுதான் புரிகிறது. இப்போது வந்த உறையில் இருந்த இரண்டு கடிதங்களையும் நின்றுகொண்டே படித்தேன், பிறகு உட்கார்ந்துவிட்டேன். லோயிக்கிடம் காட்டினேன். அவர் எழுந்து போய் மைவென் தூங்குகிற அறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்தார். மூன்று நாளாக அந்தக் கதவைச் சாத்த விடமாட்டேன் என்கிறார்.

வாசல் பூட்டியிருந்ததற்கு உன்னைத் திட்டினேனே, அதை மறந்துவிடு. மழையில் நீ நின்றதை நினைத்து அழுதேன். அழுது முடித்த பிறகு கோபம் வந்தது. எங்களுக்காக ஒரு நாள் முழுக்க நின்றாய். பிப்ரவரியிலிருந்து இந்த ஆறு மாதமும் மற்றவர்களின் பிள்ளைகள் அந்த வழியில் போனார்களே, அவர்களுக்காக எத்தனை நாள் நின்றாய்? உன் மருமகள் வராமல் இருந்திருந்தால் இந்த வருஷமும் கரியைக் குழைத்துக்கொண்டு போயிருப்பாய், இல்லையா?

உன் கடிதத்தைக் கிழிக்க மாட்டேன். யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று எழுதியிருக்கிறாய். அந்த வாத்தியாருக்கு ஒரு வீடு இருந்திருக்கும், அந்த வீட்டில் ஆட்கள் இருப்பார்கள். போய்ச் சொல். அலுவலகத்தில் சொல்வதற்கு முன்னால், பாதிரியாரிடம் சொல்வதற்கு முன்னால், முதலில் அவர்களிடம் சொல். இந்த மாத முடிவுக்குள் நீ போகாவிட்டால் நானே எழுதுவேன். உன்னை வெறுத்து இதை எழுதவில்லை. வெறுத்திருந்தால் பதிலே எழுதியிருக்க மாட்டேன்.

கற்பூரத்தை விடாமல் தேய்.

உன் அக்கா,
யோலேன்


சேன்-ழோசெஃப், 26 செப்டம்பர்

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும் மருமகளுக்கும்,

நலம் விசாரித்து எழுதுகிறேன். கால் தேவலை. இங்கே வாத்தியார் வீட்டில் சொல்லிவிட்டுப் போலீசுக்குப் போனேன், நாளைக் காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். என்ன ஆகும் என்று தெரியவில்லை. பயம் இருக்கிறது, ஆனால் இரண்டு வருஷமாக இருந்த பயம் இது இல்லை. பஸ் வர இன்னும் நேரம் இருப்பதால் நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வாத்தியாரின் மனைவி மதாம் தெஷேர் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். "நீங்கதானே எங்க வீட்டுக்காரரைக் கண்டுபிடிச்சவரு? வாங்க, உள்ள வாங்க" என்று காபி வைத்தார். ஒவ்வொரு டிசம்பரும் இந்த அம்மாள் எனக்கு ஒரு கூடை லிச்சி அனுப்பியிருக்கிறார், அக்கா. நானும் வாங்கித் தின்றிருக்கிறேன்.

நின்றுகொண்டே சொன்னேன். விருந்துக்குப் போன கூட்டாளி, தட்டாத கம்பி, கரிமண், நான் கை காட்டிய பழைய பொட்டு, எல்லாம். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். வெகுநேரம் மேஜை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்:

"அப்ப அவரு வழியை விட்டு வெலகலையா?"

"இல்லைங்கம்மா. கடைசி வரைக்கும் பொட்டைப் பிடிச்சுத்தான் போயிருக்காரு."

"ஊரே சொல்லுச்சு. வாத்தியாரு, எழுதப் படிக்கத் தெரிஞ்ச மனுஷன், பொட்டைப் பாத்து நடக்கத் தெரியாமப் போச்சேன்னு. அடக்கத்துக்கு வந்தவங்களே சொன்னாங்க. நானும் நம்பினேன். ரெண்டு வருஷமா அவரு படத்துகிட்ட நின்னு, 'ஏன்யா வெலகினே'ன்னு திட்டிக்கிட்டு இருக்கேன்."

மகளைக் கூப்பிட்டுப் பேப்பர் கொண்டுவரச் சொன்னார். நான் சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். எழுதினேன். எழுத்து கோணிக்கொண்டு போனது.

"உங்களை நான் மன்னிக்கலை" என்றார். "அதைக் கேக்காதீங்க. காபி ஆறிடுச்சு, கெளம்புங்க."

நான் வாசலைத் தாண்டும்போது மகள் அந்தப் பேப்பரைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். 'பொட்டை விட்டு விலகவில்லை' என்ற இடம் வந்ததும் மதாம் தெஷேர் அவளை நிறுத்தினார். "அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை படி" என்றார்.

தம்பி,
ஒனெசிம்